வெஸ்டரோஸ் தேடிப் போகிறவர்களுக்கு: பெல்ஃபாஸ்ட் பஸ், வாடகைக் கார், பான்பிரிட்ஜ் ஸ்டுடியோ – எதற்குக் காசு கொடுக்கலாம்?

வெஸ்டரோஸ் என்ற கற்பனைக் கண்டத்தில் நடக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் அதன் பெயரில் வட அயர்லாந்தில் சுற்றுலா விற்பது குறைந்தபாடில்லை. 2011 முதல் 2019 வரை வந்த எட்டு சீசன்களுக்கும் தலைமையகம் பெல்ஃபாஸ்ட். கப்பல் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்த பழைய கூடம் ஒன்றில் அரண்மனை அரங்குகளை எழுப்பினார்கள். கடல், காடு, குகை, கோட்டை எல்லாம் அங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் இருந்ததால் வெளிப்புறக் காட்சிகளும் பக்கத்திலேயே அமைந்துவிட்டன.

இன்று பயணிக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பெல்ஃபாஸ்டிலிருந்து ஒருநாள் பஸ், டப்ளினிலிருந்து ஒருநாள் பஸ், வாடகைக் கார், பான்பிரிட்ஜில் உள்ள ஸ்டுடியோ சுற்றுலா. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் ஒரே நாள் என்றால் பெல்ஃபாஸ்ட் பஸ் போதும். இரண்டு நாளோ அதற்கு மேலோ என்றால் கார்தான், யோசிக்கவே வேண்டாம். ஸ்டுடியோவை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் பஸ்ஸில் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் ஏறலாம்.

எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: திரையில் பார்த்ததில் எவ்வளவு இன்னும் தரையில் இருக்கிறது? கேமரா பிடித்தது பாதி, கணினி சேர்த்தது மீதி. பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று போய் நின்றால் மாட்டுத் தொழுவமும் முள்வேலியும்தான் எதிரே இருக்கும். தொடரில் வடக்கு எல்லையாக நிற்கும் பனிச்சுவரின் அடியில் இருந்த காசில் பிளாக் கோட்டையை மாகரமோர்ன் என்ற சுண்ணாம்புக்கல் குவாரியில் கட்டினார்கள்; அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான வின்டர்ஃபெல்லுக்குப் பிந்தைய சீசன்களில் போட்ட வெளிப்புற அரங்கு மனிகிளாஸ் என்ற ஊரில் இருந்தது. அதையும் போய்ப் பார்க்க முடியாது. கதையின் தலைநகரான கிங்ஸ் லாண்டிங் இந்த நாட்டிலேயே இல்லை. முதல் சீசனில் அது மால்டா, பிறகு குரோஷியாவின் டுப்ரோவ்னிக். டோர்ன் ஸ்பெயினின் செவில், சுவருக்கு அப்பாலான பனிவெளி ஐஸ்லாந்து. டிராகன்ஸ்டோனின் அந்த நீண்ட படிக்கட்டு பாஸ்க் கடற்கரையில் உள்ள கஸ்டெலுகாச்செ. பெல்ஃபாஸ்ட் வந்து இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு முகம் வாடுகிறவர்கள் உண்டு.

ஒருநாள் பஸ்: நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

பெல்ஃபாஸ்ட் பஸ்கள் காலை எட்டரை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குள் திரும்பிவிடும். கட்டணம் ஆளுக்கு 40 பவுண்டுக்கு முன்பின். வழித்தடம் எல்லா நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: காரிக்ஃபெர்கஸ் கோட்டையில் ஒரு போட்டோ, கார்ன்லோ துறைமுகம், குஷண்டன் குகை, பாலின்டாய் அல்லது லாரிபேன், மதியச் சாப்பாடு, ஜயண்ட்ஸ் காஸ்வே, கடைசியாக டார்க் ஹெட்ஜஸ்.

இதில் ஜயண்ட்ஸ் காஸ்வேயில் தொடரின் காட்சி எதுவும் எடுக்கப்படவில்லை. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற, சுமார் 40,000 பசால்ட் தூண்கள் கொண்ட இடம் அது. பார்க்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விடும். ஓட்டம், சாப்பாடு, கழிப்பறை நிறுத்தங்களையும் கழித்தால், படப்பிடிப்பு இடங்களில் உங்கள் கால் தரையில் படும் நேரம் இரண்டு மணியைத் தாண்டாது. டிக்கெட் வாங்குமுன் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். 'வழியில் காணலாம்' என்று போட்டிருந்தால் பஸ் நிற்காது என்று பொருள்.

வண்டியின் அளவையும் கேட்க வேண்டும். பாலின்டாய் துறைமுகத்துக்கு இறங்கும் சாலை ஊசிமுனை வளைவுகள் கொண்டது. பெரிய பஸ் அதில் இறங்காது. 50 பேர் ஏறும் வண்டி என்றால் லாரிபேனோடு நிறுத்திக்கொள்வார்கள், அல்லது மேலேயே இறக்கி நடக்க விடுவார்கள். 16 பேர், 20 பேர் வேனில் கொஞ்சம் கூடுதல் கட்டணம் என்றாலும் அதையே எடுக்கலாம். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால், கடலோர ஏ2 சாலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். சில வண்டிகள் இதே வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றும், அப்போது இடப்பக்கம்.

இந்தச் சுற்றுலாக்களின் நிஜமான பலம் வழிகாட்டிகள். துணை நடிகர்களாகத் தொடரில் நின்றவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் கேமரா இருந்தது, எந்தப் பாறையைப் பச்சைத் துணியால் மூடினார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் தெரியும். காரில் தனியாகப் போனால் இது கிடைக்காது.

டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் சுமார் 165 கிலோமீட்டர், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அந்த நான்கு மணி நேரமும் இடங்களில் நிற்கும் நேரத்திலிருந்துதான் கழியும். விடியுமுன் ஏறி இரவில் இறங்கும் பயணம். குழந்தைகளும் பெரியவர்களும் கூட இருந்தால் மதியத்துக்கு மேல் யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க மாட்டார்கள். டப்ளினிலிருந்துதான் போக வேண்டும் என்றால், முந்தின மாலையே ரயிலில் பெல்ஃபாஸ்ட் வந்து தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்து பஸ் பிடிப்பது எவ்வளவோ மேல்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டப்ளின் அயர்லாந்துக் குடியரசு, பெல்ஃபாஸ்ட் ஐக்கிய ராஜ்யம். இரண்டுக்கும் விசா வேறு. எல்லையில் சாவடி இல்லை, பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பதும் அபூர்வம் என்பதால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் சட்டப்படி விசா வேண்டும். இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் இருக்கிறது. விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' என்ற குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாம். எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டுக்குள் முதலில் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. விசா கைக்கு வந்ததும் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தால்

நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான். ஆங்கிலத்தில் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு வருகையாளர் 12 மாதம் வரை ஓட்டலாம். முன்பதிவில் 'ஆட்டோமேட்டிக்' என்று குறிப்பிடாவிட்டால் கியர் வண்டிதான் வரும். டப்ளின் விமான நிலையத்தில் எடுத்து வடக்கே கொண்டுபோவதானால் எல்லை தாண்ட அனுமதியும் காப்பீடும் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து நேரே எம்1 பிடித்தால் ட்ரோகெடா அருகே ஒரு சுங்கச்சாவடிதான். நகரைச் சுற்றும் எம்50இல் சாவடியே இல்லாத சுங்கம் உண்டு. கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் ஆன்லைனில் கட்டாவிட்டால் அபராதம், அதோடு வாடகை நிறுவனம் தன் பங்குக்குப் போடும் கட்டணமும் சேரும்.

எல்லை தாண்டியதும் வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறிவிடும், பலகையில் 'மைல்' என்று எழுதியிருக்காது. கிராமப்புற ஒற்றைச் சாலைகளில் வரம்பு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். வரம்பு அவ்வளவு என்பதற்காக அந்த வேகத்தில் போக முடியும் என்று நினைக்காதீர்கள். வளைவுக்கு அப்பால் டிராக்டர் நிற்கும்.

கடலோரச் சாலையைத் தெற்கிலிருந்து வடக்காக ஓட்டுவதுதான் வழக்கம். வடக்கிலிருந்து தெற்காக ஓட்டினால் உங்கள் இடப்பக்கம் கடல். வண்டியை ஓரங்கட்டும் இடங்கள் கடல் பக்கமே இருப்பதால் எதிர் வரிசையைக் குறுக்கே கடக்காமல் நிறுத்தலாம். குஷண்டனுக்கும் பாலிகாசிலுக்கும் நடுவே டார் ஹெட் வழி என்று ஒரு கிளைச்சாலை பிரியும். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு வண்டி அகலம்தான், ஏற்றம் செங்குத்து, எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுத்துத்தான் ஒதுங்க வேண்டும். மலைச்சாலையில் ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிறவர்கள் பெரிய சாலையிலேயே போங்கள். க்ளென்ஸ் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் வந்து வந்து போகும். முர்லோ வளைகுடாவில் நம்பவே முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் சேர்ந்தால் ஒருநாள் வாடகையும் பெட்ரோலும் மூன்று பஸ் டிக்கெட் காசுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தனியாள் என்றால் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஒரு நடுவழி: பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் கோல்ரேன், அங்கிருந்து 402 எண் 'காஸ்வே ராம்ப்ளர்' பஸ். காஸ்வே, பாலின்டாய், பாலிகாசில் எல்லாம் அதில் வந்துவிடும், டார்க் ஹெட்ஜஸ் மட்டும் வராது.

இடங்கள்: எங்கே நிற்கலாம், எங்கே கடந்து போகலாம்

டார்க் ஹெட்ஜஸ். கூட்டம் அதிகம் வருவதும், அதிகம் பேர் ஏமாந்து திரும்புவதும் இங்கேதான். 1775ஆம் ஆண்டை ஒட்டி ஸ்டூவர்ட் குடும்பத்தார் தங்கள் கிரேஸ்ஹில் மாளிகைக்குப் போகும் வழியில் 150க்கும் மேற்பட்ட பீச் மரங்களை நட்டார்கள். இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் ஆண்பிள்ளை வேடத்தில் ஆர்யா வண்டியில் போகும் 'ராஜபாட்டை' இதுதான்; திரையில் சில நொடிகள். பீச் மரத்தின் ஆயுள் சுமார் 150 முதல் 200 ஆண்டு, வேர் ஆழம் போகாது. தொடருக்குப் பிறகு வந்த வாகனங்கள் வேர்மேல் மண்ணை இறுக்கிவிட்டன. புயல்களும் சேர்ந்துகொண்டன. 2023 நவம்பரில் ஆபத்தானவை என்று ஆறு மரங்களை வெட்டினார்கள், 2025 ஜனவரியில் இயோவின் புயல் மேலும் சிலவற்றைச் சாய்த்தது. நட்டதில் ஏறத்தாழ பாதிதான் இன்று நிற்கிறது. சாலை விரிவாக்கத்துக்கு முன்னால் நம் நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் நின்ற புளியமரங்களைப் பார்த்தவர்களுக்கு, இங்கே விழுந்திருக்கும் இடைவெளிகள் முதலில் கண்ணில் படும்.

ஆகவே இங்கே போகும் நேரமும் லென்ஸும் முக்கியம். சாலையில் 2017 முதல் வாகனத்துக்குத் தடை. பக்கத்து ஹோட்டலின் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு நடக்க வேண்டும். பத்தரைக்கு மேல் பஸ்கள் வந்து கொட்டும், அதன்பின் வெறும் சாலையைப் படம் பிடிப்பது நடக்காது. காலை எட்டுக்குள் போய்விடுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் அது ஒன்றும் கஷ்டமில்லை. போனின் சாதாரண அகலக் கோணத்தில் எடுத்தால் மரங்கள் தள்ளித் தள்ளி, சோகையாகத் தெரியும். சாலையின் ஒரு முனையில் நின்று இரண்டு மூன்று மடங்கு ஜூம் போட்டு எடுங்கள், கேமராவாக இருந்தால் 70 மில்லிமீட்டருக்கு மேல். தூரம் நெருங்கிக் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தொடரின் காட்சிக்கும் சுவரொட்டிகளுக்கும் அந்தக் கூரை போன்ற தோற்றம் வந்தது இப்படித்தான். இலை உதிர்ந்த நவம்பர் முதல் மார்ச் வரை கிளைகளின் முறுக்கு நன்றாகத் தெரியும். பச்சை வேண்டும் என்றால் மே. பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கிளை முறிந்து விழும்.

2016இல் கெர்ட்ரூட் புயலில் விழுந்த இரண்டு மரங்களின் கட்டையில் ஆறாம் சீசனின் பத்து அத்தியாயங்களுக்கும் ஒன்றாகப் பத்துக் கதவுகள் செதுக்கினார்கள். அவை மாகாணம் முழுக்க பப்களிலும் விடுதிகளிலும் இருக்கின்றன: குஷண்டனில் மேரி மெக்பிரைட்ஸ், பாலின்டாயில் ஃபுல்லர்டன் ஆர்ம்ஸ், ஸ்ட்ராங்ஃபோர்டில் தி குவான் என்று. பத்தையும் துரத்திக்கொண்டு போக வேண்டாம், ஒன்று எனிஸ்கில்லன் வரை இழுக்கும். சாப்பிட உட்காரும் கடையில் கதவு இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாலின்டாய் துறைமுகம் எங்கள் அளவுகோலில் முதலிடம். தியோன் கிரேஜாய் ஊர் திரும்பி இறங்கும் லார்ட்ஸ்போர்ட் இதுதான். கல் சுவர், சின்னத் துறை, கருத்த பாறைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கணினி சேர்த்தது குறைவு. கார் நிறுத்துமிடம் சின்னது, கோடை மதியத்தில் நிரம்பிவிடும். மாலை ஏழுக்கு மேல் போனால் இடமும் இருக்கும், கோடையில் சூரியன் வடமேற்கே கடலில் இறங்குவதால் வெளிச்சமும் நேரே முகத்தில் அடிக்கும். பாறைமேல் பாசி படிந்த பகுதி கறுப்பாக இருக்கும், அங்கே கால் வைக்காதீர்கள்.

அதற்குப் பக்கத்திலேயே லாரிபேன். ரென்லியின் பாசறையும், பிரியன் முதலில் தோன்றும் சண்டையும் இங்கே எடுத்தவை. கூடாரங்கள் போய்விட்டன, வெண்சுண்ணப் பாறைச் சுவரும் சமதரையும் மிச்சம். பத்து நிமிடம் போதும். அருகிலுள்ள காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலத்தைச் சில விளம்பரங்கள் தொடரோடு ஒட்டி விற்கின்றன. பாலத்தில் காட்சி எதுவும் எடுக்கப்படவில்லை. 20 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம், நல்ல அனுபவம்தான். ஆனால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டும், காற்று பலத்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். பாலத்தையே நம்பி நாளை வகுக்காதீர்கள்.

குஷண்டன் குகைகள் இலவசம். சூனியக்காரி மெலிசாண்ட்ரே நிழலைப் பெற்றெடுத்த இடம். எட்டாம் சீசனில் ஜேமியும் யூரானும் மோதியதும் இங்கேதான். கிராமத்தில் வண்டியை விட்டுப் பாலம் தாண்டிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். குகை நினைத்ததைவிடச் சிறியது. ஒரு குகையின் வழியே போனால் மறுபுறம் தனியார் வீடு வரும், அங்கேயே நின்றுவிடுங்கள். படம் எடுக்க விரும்புகிறவர்கள் உள்ளே போய்க் கடலை நோக்கி எடுத்தால் வாய்ப்புறம் வெளுத்துவிடும். மேகமூட்டமான நாளில் அந்தச் சிக்கல் இல்லை, மேகமூட்டம் அங்கே தினசரி கிடைக்கும்.

கார்ன்லோ துறைமுகத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: குத்துப்பட்ட ஆர்யா தண்ணீரிலிருந்து ஊர்ந்து ஏறும் கல்படிகள். ஐந்து நிமிடம். ஆங்கிலப் பெயர்ப்பலகை தவிர அடையாளம் மாறவில்லை. காவல் பணியிலிருந்து ஓடிப்போனவனின் தலையை நெட் ஸ்டார்க் வெட்டும் கேர்ன்காசில் மேட்டை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், அது விவசாய நிலம், வேலி ஏறாதீர்கள். டன்லூஸ் கோட்டை, கிரேஜாய்களின் பைக் கோட்டைக்கு எலும்புக்கூடாக மட்டும் பயன்பட்டது. கணினி வேலையை நீக்கினால் திரையோடு ஒப்பிட ஒன்றுமில்லை. இடிபாடாக ரசிக்கலாம்.

டவுன்ஹில் கடற்கரை, ஏழு தெய்வச் சிலைகளை எரித்த டிராகன்ஸ்டோன் கரை. மேலே பாறை விளிம்பில் 1785இல் முடிந்த மசண்டன் கோயில். பெயர்தான் கோயில், பிஷப் ஒருவர் கட்டிய நூலகம். மணலில் காரை இறக்கலாம் என்பதால் ஆசை வரும். இறுகிய ஈர மணல்வரைதான் ஓட்டலாம்; மேட்டுப்பக்கம் உலர்ந்த மணலில் சக்கரம் புதைந்தால், அலை ஏறுமுன் டிராக்டர் தேட வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மணலில் ஓட்டியதற்குக் காப்பீடு தருவதில்லை. சாலையோரம் விட்டு நடங்கள். ரயிலில் வருகிறவர்கள் காசில்ராக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம், தண்டவாளம் இந்தப் பாறைக்குள்ளேயே குடைந்து போகிறது.

பினவெனா மலை டிராகன் டெனேரிஸைத் தூக்கிக்கொண்டுபோய் இறக்கிய புல்வெளி. கூட்டம் கிடையாது. விளிம்பில் வேலியும் கிடையாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். போகும் பிஷப்ஸ் சாலையில் கோர்ட்மோர் காட்சிமுனையில் மனனான் மக் லிர் என்ற கடல்தெய்வத்தின் சிலை இருக்கிறது. 2015இல் அதை யாரோ அறுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு புதிதாகச் செய்து வைத்தார்கள். தொடருக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் தெய்வத்தையே திருடுவார்கள் என்பது நமக்குப் பழக்கமான செய்திதானே.

தெற்குப் பக்கம் தனி நாள். ஸ்ட்ராங்ஃபோர்டு அருகே காசில் வார்டு எஸ்டேட்டின் பண்ணை முற்றம்தான் முதல் சீசனின் வின்டர்ஃபெல். ராபர்ட் மன்னர் வந்து இறங்கும் முற்றம் இது, கோபுரமும் அங்கேயே. தொடரில் கோட்டை பெரிதாகத் தெரிந்ததற்குக் கணினி காரணம். நேரில் அது கையடக்கமான பண்ணைதான், ஆனால் முற்றத்தின் வடிவம் அப்படியே. அங்கி போட்டு அம்பு விடும் ஏற்பாடு உண்டு, முன்பதிவு வேண்டும். குழந்தைகளுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும். எஸ்டேட்டின் மாளிகையையும் எட்டிப் பாருங்கள். கணவனுக்குப் பிடித்த பாணியில் ஒரு முகப்பு, மனைவிக்குப் பிடித்த காதிக் பாணியில் மறு முகப்பு. வீட்டில் சமரசம் அப்படி முடிந்திருக்கிறது.

டவுன்பேட்ரிக் அருகே இன்ச் ஆபி, ராபை 'வடக்கின் மன்னன்' என்று முழங்கிய இடம். இலவசம், அமைதி, அரை மணி. டாலிமோர் காட்டில் தொடரின் முதல் காட்சி, பிறகு ஓநாய்க்குட்டிகள். நதியோரப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், வட்டமாகத் திரும்பும். பனிமூட்டம் இருந்தால் திரையில் கண்டதே கண்முன். மதிய வெயிலில் போனால் சாதாரணப் பூங்கா.

பான்பிரிட்ஜ் ஸ்டுடியோ

லினன் மில் ஸ்டுடியோஸ் வளாகத்தில் 2022 பிப்ரவரியில் திறந்தது, பரப்பு 1,10,000 சதுர அடி. வின்டர்ஃபெல் பெருங்கூடம், டிராகன்ஸ்டோனின் வரைபட மேசை, ஆடைகள், ஆயுதங்கள், முகமூடி ஒப்பனைகள் என்று எல்லாம் உள்ளே. ஊன்றிப் பார்க்க மூன்று மணி நேரம். துணியில் எம்பிராய்டரியை அரை அடி தூரத்தில் பார்க்கலாம் என்பதுதான் இதன் உச்சம். டெலிவிஷன் திரையில் தெரியவே தெரியாத வேலைப்பாட்டை அந்தத் தையல்காரர்கள் செய்திருக்கிறார்கள். அரங்கும் ஆடையும் எப்படி உருவாகின என்பதில் ஆர்வமில்லாதவர்க்கு ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். சிம்மாசனத்தில் உட்கார்ந்து எடுக்கும் போட்டோவுக்காக மட்டும் போவது காசுக்கு நஷ்டம்.

அடிக்கடி நேரும் குழப்பம்: ஸ்டுடியோ வாசலில் கார் நிறுத்த முடியாது. ஏ1 சாலையோரம் உள்ள 'தி புல்வார்டு' கடைவளாகத்தில் வண்டியை விட்டு, அங்கே பதிவு செய்து, ஷட்டிலில் போக வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னால் அங்கே இருங்கள். பெல்ஃபாஸ்ட், டப்ளினிலிருந்து பஸ்ஸோடு சேர்ந்த டிக்கெட்டும் விற்கிறார்கள். திறக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் விமான டிக்கெட்டுக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். இதையும் காசில் வார்டையும் டாலிமோரையும் ஒரே நாளில் அடைக்க முயலாதீர்கள். மூன்றில் இரண்டுதான் உருப்படியாக முடியும்.

சாப்பாடும் சில்லறையும்

சைவர்கள் கடலோரக் கிராமங்களில் திண்டாடத் தேவையில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். எல்லா பப்பிலும் காய்கறி சூப்பும் 'வீட்டன்' என்ற கோதுமை ரொட்டியும் இருக்கும். சூப்பின் அடிநீர் கோழியா என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு. இரவு எட்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், கடை திறந்திருந்தாலும் பானம் மட்டுமே. பாலிகாசிலில் தங்குகிறவர்கள் மளிகைக் கடையை மாலையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வட அயர்லாந்து வங்கிகள் தங்கள் பெயரிலேயே பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. அங்கே செல்லும், லண்டனிலேயே சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சென்னையில் மாற்றிக்கொள்ளலாம் என்று மிச்சம் வைக்காதீர்கள், அங்கேயே செலவழித்துவிடுங்கள். குடை வேண்டாம், கடற்காற்று ஒரே நாளில் கம்பியை முறித்துவிடும்; தலைமூடி உள்ள மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். டிரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காரிக்-அ-ரீட், காசில் வார்டு போன்ற நேஷனல் டிரஸ்ட் இடங்களில் அனுமதியின்றிப் பறக்க விட முடியாது. ஜயண்ட்ஸ் காஸ்வேயும் அவர்களுடையதுதான். கட்டணம் பார்வையாளர் மையத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும்தான். கற்களுக்கு நடந்து போகும் பொதுப்பாதை இலவசம்.

மாதம் என்றால் மே அல்லது செப்டம்பர். டிசம்பரில் வெளிச்சமே காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நான்கு வரைதான். ஒருநாள் பஸ் அந்தச் சமயத்தில் டார்க் ஹெட்ஜஸை இருட்டில் காட்டும். முன்பதிவு வரிசை இது: விசா, பிறகு ஆட்டோமேட்டிக் கார், பிறகு பாலிகாசில் அல்லது புஷ்மில்ஸில் இரண்டு இரவு, பிறகு காசில் வார்டு வில்வித்தை. ஸ்டுடியோ டிக்கெட்டைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, வானிலை அறிக்கை எந்த நாளுக்கு மழை என்கிறதோ அந்த நாளுக்கு வாங்குங்கள்.